கட்டிலுக்கு வாசனை இல்லை

அருளுடையோர் என்றே உங்களைக் கூப்பிட வேண்டுமாம்.
கூப்பிட்டேன்.
மது ஆகாதென்றார்கள், தேனும் தண்ணீரும் கொண்டுவந்தேன்.
கை நடுங்கிப் பாதி என் காலில் சிந்தியது.
முதலில் எறும்புகள் வந்தன.
நீங்கள் வர நெடுநேரம்.

உங்களில் மூத்தவள் என் மேலாடையை முகர்ந்தாள்.
'செத்தது யார்?'
எக்கேலாஸ். கடற்பஞ்சு எடுப்பவன்.
அந்தேதோன் துறையில் அவனைப்போல் மூச்சடக்க ஆளில்லை.
'கொன்றவன்?'
துறைத்தலைவன் நிக்கார்கோஸ்.
படகில் கயிற்றைப் பிடித்திருந்தவன்.
கீழிருந்து மூன்று முறை இழுத்தால் தூக்கவேண்டும்.
துடுப்புப் போடும் பையன் எண்ணியிருக்கிறான்:
பதினொன்று.
கடலடியில் கிடந்த வெண்கலக் கிண்ணம்
முன்பே மேலே வந்துவிட்டது.
அதற்குமேல் என்ன வேண்டியிருக்கும்
நிக்கார்கோஸுக்கு?

'உனக்கு அவன் யார்?'
கணவன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
'தாய் வந்து கேட்கட்டும். தம்பி வந்து கேட்கட்டும்.
அவன் இரத்தம் வந்து கேட்டால் எழுவோம்.
நீ கட்டில் வழி வந்தவள்.
கட்டிலுக்கு வாசனை இல்லை.'

அவனுக்குத் தாயுமில்லை, தம்பியுமில்லை.
ஒரு கோடையில் கடல்முள்ளெலியை மிதித்துவிட்டான்.
பதினேழு முள். ஊசி வளைந்துபோயிற்று.
குதிகாலில் வாய்வைத்துப் பல்லால் பிடுங்கினேன்.
துப்ப எனக்கு நேரமில்லை, அப்படிக் கத்தினான்.
விழுங்கிய அந்த உப்பு எங்கே போயிற்று,
சொல்லுங்கள்.

இளையவள் என் வாயருகே குனிந்தாள்.
மூத்தவள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.
'எப்படியும் அவன் கை கழுவியாயிற்று.
பன்றிக்குட்டியின் கழுத்தை அறுத்து
இரத்தத்தைக் கைமேல் ஊற்றினார் பூசாரி.
போன பிறைக்கு.'

பன்றிக்குட்டியா?
இடது காதில் வெள்ளை மச்சமிருந்ததா?

என் பட்டியில் பிறந்தது அது.
எதற்கென்று சொல்லாமல்
இரண்டு படி வாற்கோதுமை தந்து வாங்கிப்போனார்.
நானும் கேட்கவில்லை.
கஞ்சி காய்ச்சிக் குடித்தேன்.
பசிக்கு நன்றாகவே இருந்தது.

போகிறவர்களே, நில்லுங்கள்.
தாய்ப்பன்றி இன்னும் உறங்குவதில்லை.
இரவெல்லாம் வேலியை முட்டுகிறது.
மூக்கிலே தோல் உரிந்துவிட்டது.
அது கட்டில் வழி வந்ததல்ல.
அதன் இரத்தம்
நிக்கார்கோஸின் நகக்கண்ணில் இருக்கிறது.
அதற்காக வருவீர்களா?

யாரும் பேசவில்லை.
இளையவளின் மூக்கு மட்டும் மெல்ல விரிந்தது.

இருட்டோடு வீட்டுக்குத் திரும்பினேன்.
பட்டியின் தாழை நீக்கினேன்.
கயிற்றையும் எடுத்துக்கொண்டேன்.