தட்டுக் கழிவு

காசிமேட்டு இறால் ஷெட்டில்
எடை போடுகிறவன் நான்.
காலித் தட்டு எண்ணூறு கிராம்.
ஒரு கிலோ என்று கழிப்போம்.
"ஐஸ் தண்ணி சொட்டுதில்ல" என்பார் முதலாளி.
சொட்டும்தான்.
அதற்குத் தனியாக ஒரு கழிவு இருக்கிறது.

பன்னிரண்டு பெண்கள்.
விடிகாலை மூன்று மணிக்கு லைட்டைப் போடுவோம்.
படிகாரத் தண்ணீரில் விரல் முக்கி
நகக்கண்ணில் முள் ஏறாமல் உரிப்பார்கள்;
ஏறும்.
கிலோவுக்கு இருபத்தைந்து ரூபாய்.
நான் எண்ணைச் சொல்வேன், நோட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.
அதை நம்பிக்கை என்று
நாலு வருஷம் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு ராயபுரத்துச் சர்ச்சில்
பாடம் வாசிக்கிற முறை எனக்கு.
பிடித்து வைத்த கூலி தானே கத்துகிறதாம்,
வயல் அறுத்தவர்கள் போட்ட சத்தம்
மேலே போய்ச் சேர்ந்துவிட்டதாம்.
'அறுத்தவர்கள்' வந்த இடத்தில்
'உரித்தவர்கள்' என்று வாசித்துவிட்டேன்.
ஸ்பீக்கர் கொரகொரத்ததில் யாரும் கவனிக்கவில்லை.
பாஸ்டரம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்தார்.

பிரசங்கம் முழுக்கக் கணக்குப் போட்டேன்,
காணிக்கைக் கவரின் பின்பக்கம்.
தேசம்மாவுக்கு மட்டும்:
நாளைக்கு ஏழு தட்டு, முப்பத்தைந்து ரூபாய்.
நாலு வருஷத்துக்கு நாற்பத்திரண்டாயிரம்.
அவள் பாதியில் விட்ட சீட்டு நாற்பதுதான்.
பை என்னிடம் வந்தபோது
கவரைப் போடக் கை வரவில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றவனுக்கு
ஏறி உட்கார ஒரு மரமாவது இருந்தது.
துறைமுகத்துப் பக்கம் மரமேது.
ஐஸ் பேக்டரிப் படியில் உட்கார்ந்திருந்தேன்,
பேண்ட் நனைகிற வரை.

திங்கள் விடிகாலை
காலித் தட்டை மிஷினில் வைத்து
எல்லோர் கண்ணெதிரே பொத்தானை அழுத்தினேன்.
பூஜ்யம்.
முதல் தட்டு தேசம்மாவுடையது.
"மூணு இருநூறு" என்றேன்.
சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னேன்.

அவள் நிமிரவில்லை.
"இன்னிக்கித்தான் மிசினு ரிப்பேர் ஆச்சா, ஆமோஸு?"
"கெட்டது மிசினு இல்லக்கா."
"அது தெரியும்."
அடுத்த இறாலை எடுத்துத் தலையைத் திருகினாள்.

ஆமோஸ் என்றால் சுமை என்று
ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்.
எத்தனை கிலோ என்று சொல்லவில்லை.

பத்து மணிக்கு முதலாளி வண்டி வரும்.
அதற்குள் எத்தனை தட்டு முடியுமோ
அத்தனையையும் உள்ளபடி எழுதப் பார்க்கிறேன்.
இன்றும் அதே சட்டை.
பையில் கவர் நனைந்து
நாற்பத்திரண்டின் மை
வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது.