நாலரைக் கட்டை

கரடிப்போக்குச் சந்தியில் ரயர்க் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரியநேசன்
கண்ணை மூடுகிறான், வாயைத் திறக்கிறான்,
கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறான்.
இது பதினோராவது தடவை.

'ஐந்தாம் கட்டைக்கு பஸ் இல்லை.'
கருங்குளவிகள், மல்லாவி, தொண்ணூற்றாறு.
கடைசிச் சரணத்தில் அந்தக் குரல்
யாரோ பிடரியில் பிடித்துத் தூக்கியதுபோல் மேலே போகும்,
பின்னாலேயே பரலும் கிற்றாரும் மூச்சிரைக்க ஓடும்.
அந்த இடத்துக்காகத்தான் பாட்டு.

"நாலு கட்டையில துவங்குது அங்கிள்,
முடியேக்க அஞ்சு. நீங்கள் பாடினதுதானே?"
டிலக்சன் கீபோர்டில் தட்டிக் காட்டுகிறான்.
அவன் பிறக்கமுன் பதிந்த பாட்டு.
மரியநேசனுக்கு அறுபத்திரண்டு, சீனி வருத்தம்,
முன்பல் இரண்டு கட்டினது.
"அப்ப ஏறினது, இப்ப ஏறுதில்லை" என்கிறான்,
கடன் தந்தவன் வாசலில் நிற்பவனின் குரலில்.

நான் மூலைக் கதிரையில்.
கசெற் உறையில் என் பெயர் கிடையாது.
பாலேந்திரா கிற்றார், பிறேக் கம்பி உரித்து நரம்பு போட்டது.
யோகராசா பேஸ். சின்னமணி தண்ணிப் பரல்.
நான் சைக்கிள்.

மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை.
லுமாலாவைக் கவிழ்த்து வைத்து
பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் கொஞ்சம் உயிர் வரும்,
அதில் றெக்கோடர் ஓடும்.
சில்லுச் சத்தம் விழக்கூடாதென்று
என்னை மாட்டுக் கொட்டிலுக்கு அப்பால் விட்டிருந்தார்கள்.
வயர் மட்டும் உள்ளே போனது.
முதல் சரணம் நல்ல கை.
மூன்றாவதில், நாலரைக் கட்டை வாக்கில், தோள் விட்டுப்போனது.
கை தளர, நாடாவும் தளர்ந்து ஓடியது.
தளர்ந்து பதிந்த நாடாவை
நேரான வேகத்தில் ஓடவிட்டால் குரல் மேலே ஏறும்.
அவ்வளவுதான் கதை.

"மச்சான், நீ ஏறேல்லை" என்றேன்.
"நான் களைச்சனான்."

பாலேந்திரா சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.
மரியநேசன் சிரிக்கவில்லை.
"அந்த உச்சிக்காகத்தானடா
புஷ்பராணி என்னைக் கட்டினவள்."

இன்னொன்றும் சொல்லவேண்டும்.
அந்தக் காலம் கேட்டவர்களும் சுற்றித்தான் கேட்டார்கள்.
துணுக்காயில் ஒரு சுருதி, ஒட்டுசுட்டானில் இன்னொன்று,
பிள்ளை சுற்றினால் செத்தவீடு, தகப்பன் சுற்றினால் கல்யாணவீடு.
கனடாவில் யாரோ சீடியில் ஏற்றிய பிறகுதான்
அது ஒரே இடத்தில் உறைந்தது.
அதைத்தான் இப்போது ஒரிஜினல் என்கிறார்கள்.

பன்னிரண்டாவது தடவை நாலிலேயே பாடினான்.
ஏறவில்லை. பஸ் வராத கட்டையில்
ஒருவன் நிற்பதுபோல் நின்றது பாட்டு.
அன்று மண்சுவருக்குள் நடந்தது
இதுவாகத்தான் இருக்கும்.
நரம்பு நரம்பாகக் கேட்கிறது.
யோகராசாவின் இருமல்தான் இல்லை,
இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வருவது,
மேடையில் பாடினால் சனம் சேர்ந்து இருமுகிற அந்த இருமல்.
பழையதிலிருந்து வெட்டி ஒட்டட்டுமா என்று கேட்டான் டிலக்சன்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"எது திறம்?" என்று என்னைக் கேட்டார்கள்.
பழையது என்றேன்.
நியாயமான தீர்ப்பில்லை,
பழையதில்தான் நான் இருக்கிறேன்.

பதின்மூன்றாவதற்கு டிலக்சன் விரலைத் தூக்க
கரண்ட் போனது.
ஏசி நின்றது, கணினி கறுத்தது.
இருட்டில்
கதிரைகள் ஒவ்வொன்றாய்
என் பக்கம் திரும்புகிற சத்தம்.