காற்றுக்கு மதிப்பெண்

புன்ட்டா அரேனாஸில்
காற்று ஆளைத் தள்ளும் நாட்களில்
நகராட்சி தெருமுனைகளில் கயிறு கட்டிவைக்கும்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.
வேலை: பொய்க் காற்றில் நிற்பது.

கையுறை, காலுக்கடியில் உருளும் தரை,
இன்னொரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும் முகமூடி.
பதினான்காம் பதிப்பில்
நீரிணையின் உப்பு உதட்டில் கரித்தது.
"எத்தனை, நெவென்கா?"
காதுக்குள் எலியேசர்.
ஆறு, என்றேன்.
"உப்பு சரியில்லையா?"
உப்பு சரி.
காற்றுதான் என்னைப் பார்த்துப் பார்த்து வீசுகிறது,
விருந்தாளிக்குப் பரிமாறுகிறவன் போல.
நிஜக் காற்றுக்கு நான் வந்ததே தெரியாது.

அவன் தட்டெழுதும் ஓசை கேட்டது.

பதினைந்தில் அது என்னைக் கவனிக்கவில்லை.
தொப்பியைப் பறித்தது, திருப்பித் தரவில்லை.
ஏழு.
நாய்க்கு நிழல் இருக்கிறது, உண்ணி இல்லை.
கடையில் ஆப்பிள்கள் எல்லாம் ஒரே வயது.
காலணிக்குள் ஒரு கல் வேண்டும்,
ஒன்றே ஒன்று போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.
மறுவாரம் வந்துவிட்டது,
வலதுகால் சுண்டுவிரலுக்குக் கீழே.
குனிந்து உதறினேன்.
வெட்கமாக இருக்கிறது சொல்ல,
சந்தோஷப்பட்டேன்.

இப்படித்தான்
நான் கண்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக
நானே அடைத்துக்கொண்டிருந்தேன்,
உள்ளே நின்றபடி.

வீட்டிலும் கை நிற்கவில்லை.
உருளைக்கிழங்கு சீவும்போது
தோல் எங்கே இணைகிறது என்று தேடுகிறேன்.
தாமியான் அதே நகைச்சுவையை
மூன்றாம் முறை சொன்னபோது
குறிப்பேட்டுக்குக் கை போனது:
மறுபயன்பாடு. இரண்டு மதிப்பெண் குறைக்கலாம்.
அவன் சிரித்துக்கொண்டே
கரண்டியை நீட்டினான், உப்புப் பார்க்கச் சொல்லி.

பதினாறில் அலுப்பு வந்தது.
ஆம், அலுப்பையே செய்துவிட்டார்கள்.
நாற்பது நிமிடம் பேருந்து வரவில்லை.
யாரோ இருமினார்கள்.
வரலாமா வேண்டாமா என்று மழை யோசித்தது.
எட்டரை.
காசு கொடுத்து இதற்கு யார் வருவார்கள் என்று கேட்டேன்.
"இப்போதே வரிசை நிற்கிறது" என்றான் எலியேசர்.
"சாந்தியாகோவில் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள்,
சிறையில் இருப்பவர்கள்,
ஏழு மாதமாய்க் கரை காணாத மாலுமிகள்.
அவர்களுக்குச் சொர்க்கம் வேண்டாமாம், நெவென்கா.
பேருந்துதான் வேண்டுமாம்.
வராமல் போனாலும் பரவாயில்லையாம்,
நிறுத்தத்தில் நின்றால் போதுமாம்."

அன்று இருவரும்
கொஞ்ச நேரம் எதுவும் பதியவில்லை.

பதினேழு.
மூன்று மணி நேரம் தேடினேன்.
சுவரைச் சுரண்டினேன்,
நகக்கண்ணில் சுண்ணாம்பு ஏறியது.
நாக்கைக் கடித்தேன்.
எதிரே வந்தவள்மேல் வேண்டுமென்றே மோதினேன்,
எங்கள் தெருவில் மட்டும் வழங்கும்
பழைய குரோஷிய வசவால் திட்டினாள்.
பாதி வசவிலேயே மூச்சு வாங்கினாள்.
"எத்தனை?"
பத்து என்றால் நாளையிலிருந்து எனக்கு இங்கே வேலையில்லை.
ஒன்பது.
"எங்கே குறைகிறது?"
சொல்லத் தெரியவில்லை.
அதையும் தட்டெழுதினான்.

வெளியே வந்தால் காற்றே இல்லை.
வருடத்தில் ஒருநாளோ இரண்டுநாளோ இப்படி வாய்க்கும்.
தட்டில் ஊற்றிய எண்ணெயாய்க் கிடந்தது நீரிணை.
கயிறுகள் தொங்கின.
ஊர் மட்டும் பழக்கதோஷத்தில்
முன்னால் சாய்ந்தே நடந்துகொண்டிருந்தது,
இல்லாத ஒன்றுக்குத் தோள் கொடுத்து.

என்னைத் தாண்டிப் போன நாய் நின்றது,
திரும்பிப் பார்த்தது,
தேவைக்கு ஒரு நொடி அதிகமாக.

நான்கு, என்றது என் வாய்.

பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.