ஆயிரத்துக்கு எத்தனை பக்கம்

முக்கூடலில் மதியம் கரண்ட் போனால்
எட்டுச் சொளவும் ரேஷன் கடையின்
பின்பக்க நிழலுக்கு வந்துவிடும்.
நான் வாசிக்க வேண்டும்.
கூலி, ஆளுக்கு ஐம்பது பீடி.
ஏழு பேருக்கு முந்நூற்றைம்பது,
முனை மடக்கி, நூல் கட்டி
என் சொளவில் போட்டுவிட வேண்டும்.
எழுதியவருக்கே இவ்வளவு கிடைத்திருக்குமோ என்னவோ.

கிளை நூலகத்துப் புத்தகம். அட்டையில்
ஒரு ஸ்கூட்டர், ஒரு பெண், கையில் ரசீதுக்கட்டு.
தவணை தவறியவனின் வண்டியைப் பறிக்க வருகிறாள்.
வண்டியில் பெட்ரோல் இல்லை.
அவள் ஏறி உட்கார்ந்திருக்க
பறிகொடுக்கப்போகும் தன் வண்டியைத்
தானே தள்ளிக்கொண்டு போகிறான் அவன்
பங்க் வரைக்கும்,
ஒன்றரை அத்தியாயம்.

இசக்கித்தாய் சிரித்த சிரிப்பில்
தூள் பறந்து நாலு பேருக்குத் தும்மல்.
"திருப்பி வாசிட்டி,
அந்தத் தள்ளுத எடத்த மட்டும்."

பேச்சிமதி சிரிக்கவில்லை.
கத்தரியைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
"எங்க வீட்டுக்கு வாரவன் மட்டும்
ஏன்ட்டி இப்படிப் பேச மாட்டுக்கான்?
வாசப்படில உக்காந்துக்கிட்டு
வீட்ல எத்தன பானை இருக்குன்னுல்லா எண்ணுதான்."
யாரும் வாய் திறக்கவில்லை.
நான் பக்கத்தைத் திருப்பினேன்.

நூர்நிஸாவுக்குக் கதாநாயகனைப் பிடித்துப்போயிற்று.
சண்டை முற்றினால் டீ சொல்கிறான்,
அந்தக் காசையும் அவளிடமே கடன் கேட்கிறான்.
"இப்படி ஒரு ஆம்பிள எங்கயாவது உண்டுமா?"
என்றாள் மெர்சிகலா.
"இல்லேன்னுதான மைனி
புஸ்தகத்துல போட்டிருக்காவ."

சந்தனக்கிளிக்கு வேறு குறை.
பிடிச்சிருக்கு என்ற ஒரு சொல்லுக்கு
இருநூற்றுப் பத்தாம் பக்கம் வரைக்கும் என்ன சுணக்கம்?
அதற்குள் அவள் நாலாயிரம் சுற்றி முடித்தாளாம்.
"இல ஊறாம வெட்டுனா நுனி பிஞ்சிரும்லா"
என்று வள்ளிமயில் சொன்னது
கதையைப் பற்றித்தானா என்று தெரியவில்லை,
அவள் மகளுக்குப் போன வாரம்தான்
பெண் பார்க்க வந்துபோனார்கள்.

கடைசி அத்தியாயத்தில்தான் சண்டை.
அவன் பாக்கியை அவளே கட்டிவிடுகிறாள்,
தன் சம்பளத்திலிருந்து, ஆபீஸுக்குத் தெரியாமல்.
"கூறுகெட்டவ" என்றாள் பேச்சிமதி.
"காதல்னா கட்டத்தான் செய்வா" இது இசக்கித்தாய்.
"சவம், கழுத்துல தாலி ஏறட்டும், பொறவு கட்டட்டும்."
"தாலி ஏறுனா அவளா கட்டணும்? அவன்லா கட்டணும்!"
"அடுத்தவ கடன எவட்டி கட்டுவா?"
என்று யாரோ கேட்டபோது
சட்டென்று எட்டுச் சொளவும் அமைதியாயின.

நாங்கள் எட்டுப் பேரும் ஒரே குழு.
ஒருத்தி தவறினால் ஏழு பேர் கட்ட வேண்டும்.
மாசி மாதம் பேச்சிமதிக்காகக் கட்டினோம்.
அதைப் பற்றி அன்றைக்கும் பேசியதில்லை.
நூல் அறுபடும் சத்தம்கூடக் கேட்டது.
பிறகு மெர்சிகலாதான்
"முடிவு சரியில்ல, சினிமா மாரி இருக்கு" என்று
புத்தகத்தின் மேல் பழியைப் போட்டு
எங்களைக் காப்பாற்றினாள்.

மறுநாள் கடையில் கணக்கப்பிள்ளை
கட்டுகளை விரலால் நசுக்கிப் பார்த்தார்.
"என்னம்மா, எல்லாம் தொளதொளன்னு கெடக்கு,
சிரிச்சுக்கிட்டே சுத்துனீயளா?"
கழித்துப் போட்டதில் அதிகம்
பேச்சிமதியினுடையது, ஆறு கட்டு.
அவள் யாரையும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் என்னைப் பிடித்தாள்.
"என்னைக்குட்டி புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கணும்?"
"நாளைக்கு."
கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.
"அந்தத் தள்ளுத எடம்
எத்தனாம் பக்கம்?"

நாற்பத்து மூன்று என்றேன்.
இடுப்பிலிருந்த கட்டில் ஓர் இலையை உருவி
நகத்தால் கீறிக்கொண்டாள்,
நாலு,
மூணு.