எண் முப்பத்தொன்று

இரவு பதினொன்றே முக்கால்.
பனி ஒட்டிய பூட்ஸோடு
என் சமையலறையில் வந்து நிற்கிறார் பர்செல்.
மிதியடி நனைகிறது.
யங்ஸ்டவுனில் நீதிபதியின் கையெழுத்துக்கு
நேரங்காலம் கிடையாது.

மூன்று பக்கம்.
‘இத்தகவலாளி முன்பு தந்த செய்திகள்
உண்மையென்று தெரியவந்துள்ளன.’
எத்தனை மனுக்களில் படித்த வாக்கியம்!
எழுத்துப்பிழைகூட அதே இடத்தில்.

எத்தனை முறை என்று கேட்டேன்.
“பல முறை.”
பல என்றால்?
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.
“பல.”

வீட்டைப் பற்றி நிறைய இருந்தது:
ஒற்றைச் சங்கிலியில் சரிந்து தொங்கும் ஊஞ்சல்,
பச்சைக் கதவு, அதில் பித்தளை மீன்.
தபால்காரருக்கும் தெரிந்த சங்கதிகள்.
உள்ளே கண்டதாகச் சொன்னது ஒரே வரி:
மேசையில் தராசு, பொட்டலங்களில் வெள்ளைத் தூள்.

ஊஞ்சல் சரியாக இருந்ததால்
தூளும் சரியாகத்தான் இருக்கும் என்று
பேனா நம்பிவிட்டது.
பேனாவின் மேல் எதற்குப் பழி,
நம்பியது நான்.

நாலரை மணிக்குக் கதவை உடைத்தார்கள்.
திரும்பி வந்த பட்டியலில்
தராசு ஒன்று,
சோடா உப்பு நான்கு கிலோ,
லாவெண்டர் எண்ணெய் இரண்டு குப்பி.
வெர்லீன் டிஸ்டேல்,
வாரநாளில் ஆஸ்பத்திரிச் சலவை,
சனிக்கிழமை சந்தையில் குளியல் உப்பு வியாபாரம்.
அவள் இடது மணிக்கட்டு முறிந்தது
பட்டியலில் இல்லை.

ஜூனில், மூடிய அறையில்,
எண்ணுக்கு முகம் வந்தது.
டெரெக் ராஸ்கின்.
தன் வழக்கு இளைக்க
அவனுக்கு யாருடையதாவது ஒரு வீடு தேவைப்பட்டது.

எனக்குத் தெரிந்த முகம்.
இரண்டு வருஷத்துக்கு முன்
என் முன்னால் கூண்டேறிச் சத்தியம் செய்தவன்.
அந்தத் தீர்ப்பின் ஏழாம் பக்கத்தில்
நானே எழுதியிருக்கிறேன்:
‘இந்தச் சாட்சியின் ஒரு சொல்லையும் ஏற்பதற்கில்லை.’

பெயரோடு வந்தவனை அன்றைக்குப் பிடித்துவிட்டேன்.
எண்ணாக வந்து
என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவனை
காப்பி ஆறுவதற்குள் நம்பியிருக்கிறேன்.

டிஸ்டேல் வீட்டு வழியாகக்
கார் ஓட்டிப் போனேன் ஒருநாள்.
கதவிருந்த இடத்தில் ஒட்டுப்பலகை.
ஊஞ்சல் அப்படியே, சரிந்து.
நிறுத்தவில்லை.

நேற்றிரவு வேறொரு அதிகாரி, சின்னப் பையன்.
எண் நாற்பத்திரண்டு.
அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழை.

மூக்குக்கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி
உள்ளறையில் நின்றுகொண்டிருந்தேன்,
கண்ணாடியைப் போட்டுக்கொண்டே.