காலை இன்னும் கொஞ்சம் திருப்பு

டிலக்சன், வயது பதினாறு, பாலையூற்று.
வலது தொடையில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.
வள்ளத்தின் அணியம் இடித்து ஐந்து கிழமை என்கிறான்.
ஆறு, என்கிறாள் தாய்.
அந்த ஒரு கிழமை எவ்வளவு பெரிதென்று
இருவருக்கும் தெரியாது.

ஈயக் கதவுக்கு இப்பால் நான்.
இருபத்திரண்டு வருடமாக எலும்புகளைப் படம் பிடிப்பவன்.
பெயர் சொல்லும் உரிமை எனக்கில்லை.
“ஏதும் தெரியுதா ஐயா?”
“டொக்டர் சொல்லுவார் அம்மா.”

திரையில் வெள்ளையாய், முகில் மாதிரி.
எலும்புக்குப் பக்கத்தில் நிற்கிறதா,
எலும்பிலிருந்தே முளைத்ததா?
நேரே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அடிபட்ட தசை சிலவேளை
தன்னை எலும்பென்று நினைத்துக்கொள்ளும்.
ஓரம் முதலில் இறுகும், முட்டைக் கோது போல.
விட்டுவிட்டால் அடங்கும்.
மற்றது
நடுவில் இறுகி வெளியே நகர்வது.
அவசரமில்லை அதற்கு. வலியும் குறைவு.
அதுதான் அதன் கெட்ட குணம்.

மூதூர்ப் படகு துறையை நெருங்கும்போது
பலகைக்கும் கல்லுக்கும் இடையில்
ஒரு சாண் கறுப்புத் தண்ணீர் தெரியுமே,
அதைத்தான் தேடுகிறேன்.

“தம்பி, காலை இன்னும் கொஞ்சம் திருப்பு.”
சீட்டில் இரண்டு படம்தான் எழுதியிருக்கிறது.
இது மூன்றாவது.
“மூச்சை அடக்கவா?”
“விடலாம். கால்தான் அசையக் கூடாது.”

இருக்கிறது.
மயிரிழைக் கறுப்பு, மேலிருந்து கீழ்வரை.

சந்தோசப்பட ஏலவில்லை.
இந்தக் கோடு பொய்யும் சொல்லும்.
சம்பூர் பத்மாசனி ரீச்சரின் முழங்காலுக்குப் பின்னாலும்
இதே கோடு, பாதித் தூரம்.
முகத்தைப் பார்த்து இரங்கி
“ஒன்றுமில்லை ரீச்சர், பழைய அடி” என்றேன்.
எட்டு மாதம் அந்தச் சொல்லை நம்பி நடந்தா.
மகரகமவிலிருந்து ஊன்றுகோலோடு வந்து
இந்த வாசலில் நின்று
எனக்கு வணக்கம் சொன்னா.

டொக்டர் ஹம்தான் மூன்று படத்தையும்
வெகுநேரம் பார்த்தார்.
மூன்றாவதை யார் கேட்டதென்று கேட்கவில்லை.
ஓரத்தில் விரல் வைத்தார், பிறகு நடுவில்.
“இப்போது ஊசி குத்தினால்
கண்ணாடிக்குக் கீழே எல்லாமே புற்றாய்த்தான் தெரியும்.
மூன்று கிழமை. திரும்ப எடுங்கள்.”

“எண்ணெய் போட்டு உருவவேண்டாம் எண்டு சொல்லுறார்” என்றேன் தாயிடம்.
தாய் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள்.
“அப்ப இது அது இல்லையோ?”

கலண்டரைப் பார்த்தேன்.
மூன்றாம் கிழமை அன்று போயா. கிளினிக் இல்லை.
மறுநாளை எழுதிக் கொடுத்தேன்.