பீச்சாங்கை

மேசையில் துணி விரித்து
இரண்டையும் கிடத்துகிறார் மொகுதூம்.
இரண்டும் பாயின்ட் டூ டூ.
ஐம்பது தோட்டா டப்பா ஒன்றே போதும்.

தானியங்கி இலேசு.
விசையை அழுத்த அழுத்தப்
பேசிக்கொண்டே போகும்.
ஆனால் வெற்றுக்கூடு வலப்பக்கம் தெறிக்கும்.
பீச்சாங்கைக்காரிக்கு அது முகத்துக்கு நேரே.
போன சனிக்கிழமை ஒன்று
முழங்கை மடிப்பில் விழுந்து
கடுகளவு சுட்டது.

மற்றது கனம். வால்நட் கட்டை.
ஒவ்வொரு தோட்டாவுக்கும்
போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, சாய்க்கணும்.
அந்தக் கைப்பிடியும் வலப்பக்கம்தான்.
துப்பாக்கிக்கு மேலே கையைக் கொண்டுபோய்த்
தடவித்தான் எட்டணும்.

"இடக்கைக்கு ஒண்ணு கேட்டிருக்கேன்,
பெர்மிட் வரணும்"
என்கிறார், இரண்டு வருஷமாய்.

வெளியே ஷார்ஜா கொதிக்கிறது.
உள்ளே ஏசியின் உறுமல்,
ஐம்பது மீட்டரில் ஒரு காகிதம்,
நடுவே கறுப்புப் பொட்டு.

கனத்ததை எடுத்தேன்.
ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே
கை தடுமாறும் அந்த நாலு விநாடி
எனக்கு வேண்டும்.
இன்வாய்ஸ்களுக்கு நடுவே
அப்படியொன்று கிடைத்ததேயில்லை.

பாதி மூச்சை விட்டு
மீதியைப் பிடித்தேன்.

ஏழாம் வளையம். இடப்பக்கம்.

பழி சொல்ல
உள்ளே காற்றும் இல்லை.